கிணற்றடிக்கு வராத ஆய்வுகள்

ஆபிரிக்கக் கிராமங்களின் கல்வி, பொதுச் சுகாதாரம், சுற்றாடல் ஆகியவை பற்றிப் பல்கலைக்கழகங்கள் வெளியிட்டுவரும் ஆய்வுக் கட்டுரைகளை அண்மைக் காலமாக வாசித்து வருகிறேன். பெரும்பாலானவை ஒரே அமைப்பில் எழுதப்பட்டவை. இத்தனை கிணறுகள், இத்தனை குடும்பங்கள், இத்தனை பள்ளிப் பிள்ளைகள் என்று கணக்கு வரும், அட்டவணை வரும், இறுதியில் சமூகத்துக்கு விழிப்புணர்வு ஊட்டப்பட வேண்டும் என்ற பரிந்துரை வரும். அந்தக் கட்டுரையை அந்தச் சமூகத்தில் யார் வாசித்தார்கள் என்ற தகவல் மட்டும் எந்த அட்டவணையிலும் வராது.

தொலைவிலுள்ள ஒரு கண்டத்தின் குறையென்று இதைக் கருதி நாம் கடந்துபோய்விட முடியாது. யாழ்ப்பாணக் குடாநாட்டில், வலிகாமத்தின் தென்மேற்கில், சண்டிலிப்பாயைச் சுற்றியுள்ள ஆறேழு மைல் வட்டத்துக்குள் ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளாக இதே கதை நடந்துவந்திருக்கிறது. கல்வியும் மருத்துவமும் நீரும் இந்த வட்டத்துக்குள் ஒருகாலத்தில் ஒன்றையொன்று சந்தித்தன, பின்னர் பிரிந்துபோயின. அந்த வரலாற்றை ஒருமுறை நிரலாக எழுதிப் பார்ப்பது பயனுடையது என்று எனக்குப் படுகிறது.

நிலமும் நீரும்

சண்டிலிப்பாய் என்றவுடன் வெளியூரவர்க்கு நினைவுக்கு வருவன சீரணி நாகபூஷணி அம்மன் கோயிலும், நல்லூர்ச் சின்னத்தம்பிப் புலவர் அந்தாதி பாடிய கல்வளைப் பிள்ளையார் கோயிலும் ஆகும். ஊரவர்க்கு இவற்றோடு இன்னொன்றும் நினைவுக்கு வரும். அது வழுக்கையாறு. தெல்லிப்பழைப் பக்கத்துத் தாழ்நிலங்களில் தொடங்கி, கந்தரோடை, சண்டிலிப்பாய், நவாலி வழியாக அராலியில் கடலேரியைச் சேரும் இந்த நீரோட்டத்தை ஆறு என்று அழைப்பதற்குச் சற்றுத் தாராள மனம் வேண்டும். மாரியில் மட்டும் ஓடும். கோடையில் அதன் மடியில் மாடுகள் மேயும். ஆயினும் ஆறே இல்லாத குடாநாட்டில் ஆறு என்ற பெயரைத் தாங்கி நிற்கிறது இது.

குடாநாட்டின் பரப்பு ஏறத்தாழ 1,000 சதுர கிலோமீற்றர். மழை பெரும்பாலும் வடகீழ்ப் பருவக் காற்றோடு ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மாதங்களில் கொட்டித் தீர்த்துவிடும். எஞ்சிய மாதங்களுக்கு மக்கள் நம்பியிருப்பது நிலத்தடி நீரை. மயோசீன் காலத்துச் சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகளுக்குள்ளும் பொந்துகளுக்குள்ளும் மழைநீர் இறங்கி, கனமான கடல்நீரின் மேல் ஒரு வில்லை போல மிதந்து நிற்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் ஓரடி நன்னீர் நின்றால், கீழே நாற்பதடி நன்னீர் இருக்கும் என்பது நீரியலாளர் கூறும் பொதுவிதி. மேலே ஓரடியை இழந்தால் கீழிருந்து உப்புநீர் நாற்பதடி ஏறிவர வழி பிறக்கும். நம் முன்னோர் இந்த விதியைச் சூத்திரமாக அறிந்திருக்கவில்லை. ஆனால் குடாநாட்டில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட குளங்களை வெட்டி, மாரி வெள்ளத்தை மறித்து, நிலத்துக்குள் இறங்க விட்டார்கள். துலா மிதித்து, பட்டையால் இறைத்து, தேவைக்கு மேல் எடுக்க முடியாத வேகத்தில் நீரை எடுத்தார்கள்.

சுண்ணாம்புக் கல்லுக்கு இன்னொரு குணமும் உண்டு. அது வடிகட்டாது. மணல் நிலத்தில் மெல்ல ஊறி இறங்கும் அழுக்கு, இங்கே வெடிப்புகளின் வழியே விரைந்து கிணற்றைச் சேரும். ஒரு வளவுக்குள் கிணறும் மலகூடக் குழியும் தோட்டமும் அடுத்தடுத்து இருக்கும் நம் குடியிருப்பு முறையில் இக்குணம் உயிரோடு விளையாடக் கூடியது.

பண்டத்தரிப்பும் மானிப்பாயும்

இன்றைய சண்டிலிப்பாய்ப் பிரதேச செயலகப் பிரிவுக்குள் அடங்கும் இரண்டு ஊர்கள் ஆசியாவின் மருத்துவ வரலாற்றில் இடம்பெற்றவை. ஒன்று பண்டத்தரிப்பு, மற்றது மானிப்பாய்.

1819ஆம் ஆண்டின் இறுதியில் இலங்கைக்கு வந்த அமெரிக்க மருத்துவர் ஜோன் ஸ்கடர், 1820இல் பண்டத்தரிப்பில் தமது மருத்துவப் பணியைத் தொடங்கினார். 1836இல் சென்னைக்கு மாற்றலாகும் வரை அவர் பணியாற்றியது குடாநாட்டிலேயே. பிற்காலத்தில் வேலூரில் கிறித்தவ மருத்துவக் கல்லூரியை நிறுவிய ஐடா ஸ்கடர் இவருடைய பேர்த்தி. தமிழகத்தின் பெயர்பெற்ற மருத்துவ நிறுவனம் ஒன்றின் வேர் நம்மூர்ப் பண்டத்தரிப்பு வரை ஓடுகிறது என்பதைப் பண்டத்தரிப்பாரே பலர் அறியார்.

ஸ்கடரின் மருத்துவப் பணி பெரும்பாலும் நோயாளரைக் கவனிப்பதாக இருந்தது. பின்னர் வந்த ஒருவர் அதைக் கல்வியாக்கினார். மசாச்சுசெட்ஸ் மாநிலத்து வூஸ்டரைச் சேர்ந்த சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847இல், இருபத்தைந்து வயதில், யாழ்ப்பாணம் வந்தார். அடுத்த ஆண்டு மானிப்பாயில் நிலைகொண்டு, நம்மூர் இளைஞர் சிலரைச் சேர்த்து மருத்துவம் கற்பிக்கத் தொடங்கினார். முதல் மாணவர்கள் ஆங்கிலத்திலேயே படித்தார்கள். அக்காலத்தில் அது இயல்பானது. அருகே வட்டுக்கோட்டையில் 1823இல் தொடங்கிய செமினரி ஆங்கிலத்தில் உயர்கல்வி அளித்து வந்தது. 1855இல் அது மூடப்பட்டது. கற்றவர்கள் ஊரை விட்டு அரசாங்க உத்தியோகத்துக்குப் போய்விடுகிறார்கள், மிஷனின் நோக்கம் நிறைவேறவில்லை என்பது அமெரிக்காவிலிருந்து வந்து பார்வையிட்ட மிஷன் செயலாளர் றூபஸ் அண்டர்சன் குழுவினரின் எண்ணம். யாழ்ப்பாணத்தார் இதை விரும்பவில்லை. ஆங்கிலக் கல்வி அவர்களுக்கு வயிற்றுப்பாடு.

கிறீன் கண்டதும் ஏறத்தாழ அதே உண்மைதான். ஆங்கிலத்தில் மருத்துவம் கற்றவர் பட்டினத்துக்கும் உத்தியோகத்துக்கும் போய்விடுகிறார். கிராமம் வைத்தியரில்லாமல் கிடக்கிறது. அமெரிக்காவில் சில ஆண்டுகள் இருந்துவிட்டு 1862இல் திரும்பியவர், 1864 முதல் மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பிக்க முனைந்தார். மாணவர்களுக்கு முதலில் அது உவப்பாக இருக்கவில்லை. அவர் விடவில்லை.

தமிழில் கற்பிக்க நூல் வேண்டுமே! அதற்கான வேலையை அவர் முன்னரே தொடங்கியிருந்தார். 1857இல் கட்டர் என்பாரின் ஆங்கில நூலொன்று 'அங்காதிபாத சுகரணவாத உற்பாலன நூல்' என்ற பெயரில் வெளிவந்தது. உடலமைப்பு, உடற்றொழில், சுகாதாரம் ஆகிய மூன்றையும் சொல்வது அது. தொடர்ந்து 'இரண வைத்தியம்' (1867), 'மனுஷ அங்காதிபாதம்' (1872), 'வைத்தியாகரம்' (1872), 'கெமிஸ்தம்' (1875), 'மனுஷ சுகரணம்' (1883) என நூல்கள் வந்தன. தாமே பெயர்த்தவையும், தம் மாணவர்களைக் கொண்டு பெயர்ப்பித்துத் தாம் திருத்தியவையுமாக 4,000 பக்கங்களுக்கு மேல். 1873இல் நாடு திரும்பிய பின்னரும் வூஸ்டரில் இருந்தபடியே அச்சுப்படிகளைத் திருத்திக்கொண்டிருந்தார். 1884இல் அவர் இறந்தபோது, தமிழருக்கு மருத்துவப் பணி செய்தவர் என்ற கருத்துப்பட அவருடைய கல்லறையில் பொறிக்கப்பட்டது. அது அவரே விரும்பிய வாசகம்.

இந்த 1857ஆம் ஆண்டைச் சற்று நின்று கவனிக்க வேண்டும். வாந்திபேதி குடிநீரால் பரவுகிறது என்பதை இலண்டன் சோகோ பகுதியில் ஒரு குழாய்க் கிணற்றைச் சுற்றி நிகழ்ந்த மரணங்களைக் கணக்கிட்டு ஜோன் ஸ்னோ காட்டியது 1854இல். இலண்டன் மருத்துவ உலகமே அதை உடனே ஏற்கவில்லை. வாந்திபேதிக் கிருமியை றொபேட் கொக் கல்கத்தாவில் உறுதிப்படுத்தியது 1884இல், கிறீன் இறந்த அதே ஆண்டில். உற்பாலனம் என்ற சொல்லால் பொதுமக்கள் சுகாதாரத்தைத் தமிழில் ஒரு பாடமாக்கி மானிப்பாயார் கையில் கொடுத்தது இந்த இரண்டு ஆண்டுகளுக்கும் இடைப்பட்ட காலத்தில். உலகம் கற்றுக்கொண்டிருந்த வேளையிலேயே நாமும் நம் மொழியில் கற்றுக்கொண்டிருந்தோம் என்று சொல்வதில் மிகையில்லை.

கிறீனின் சொற்கள் இன்று நமக்குக் கரடுமுரடாகப் படலாம். அங்காதிபாதமும் சுகரணவாதமும் வழக்கில் நிலைக்கவில்லை. அவர் வந்தது சமயம் பரப்பவும்தான் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. ஆயினும் அறுபதுக்கும் மேற்பட்ட உள்ளூர் மருத்துவர்களை அவர் பயிற்றுவித்தார். அறிவு எந்த மொழியில் இருக்கிறதோ அந்த மொழி பேசுவோரிடத்தில்தான் அது தங்கும் என்பதை அவர் செயலால் காட்டினார். 1870இல் கொழும்பில் அரசாங்க மருத்துவப் பள்ளி ஆங்கிலத்தில் தொடங்கியதும் காற்று திசைமாறியது. மானிப்பாயின் தமிழ் மருத்துவக் கல்வி கிறீனுக்குப் பின் நீடிக்கவில்லை. அவர் பெயர் தாங்கிய மருத்துவமனை மட்டும் மானிப்பாயில் நிலைத்தது.

யாருடைய கிணறு?

இந்த வரலாற்றைப் பெருமையோடு மட்டும் சொல்லி முடித்தால் அது அரை வரலாறு. நோய்க்கு நீரே காரணம் என்று நூல்கள் சொல்லத் தொடங்கிய பின்னரும், அந்த நீரை அள்ளும் உரிமை எல்லோருக்கும் இருக்கவில்லை. ஒடுக்கப்பட்ட சாதியினர் உயர்சாதியாரின் கிணற்றில் வாளி போட முடியாது. யாராவது வந்து ஊற்றிவிடும் வரை குடத்தோடு காத்து நிற்க வேண்டும். கிடைத்த இடத்துக் குட்டையிலும் துரவிலும் அள்ளிக் குடித்தவர்களுக்கு எந்த உற்பாலன நூலும் உதவியிராது.

1957இல் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் வந்தது. சட்டம் ஏட்டில் இருந்தது. 1966 ஒக்டோபரில் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணத்துக்குப் புறப்பட்ட தீண்டாமை எதிர்ப்பு ஊர்வலமும், 1968இல் சண்டிலிப்பாய்க்கு அடுத்த ஊரான சங்கானையில் மூண்ட போராட்டங்களும்தாம் அச்சட்டத்துக்கு உயிர் கொடுத்தன. கே. டானியல் தம் நாவலொன்றுக்குத் 'தண்ணீர்' என்றே பெயரிட்டதன் பின்னணி இது. பொதுச் சுகாதாரம் என்ற சொல்லில் உள்ள 'பொது' எங்கள் ஊர்களில் தானாக வரவில்லை, போராடிப் பெறப்பட்டது.

துலா நின்ற காலம்

எங்கள் தோட்டங்களுக்கு எரு எங்கிருந்து வந்தது என்பதை முதியவர்கள் இன்றும் சொல்வார்கள். பூவரசங் குழையும் கிளுவங் குழையும் வண்டிலில் வந்திறங்கும், அதைத் தாழ்த்துவார்கள். கோடையில் ஆட்டுப்பட்டி அடைப்பார்கள். மாட்டெரு பரப்புவார்கள். பயிருக்கு வேண்டிய சத்து மெல்ல மெல்லக் கிடைத்தது. பின்னர் மண்ணெண்ணெயில் ஓடும் இறைப்பு மிஷின் வந்தது. யூரியா வந்தது. 1970இல் ஆட்சிக்கு வந்த சிறிமாவோ பண்டாரநாயக்கா அரசு மிளகாய், வெங்காயம் ஆகியவற்றின் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியபோது வலிகாமத்துச் செம்மண் பொன்னாய் விளைந்தது. கல்வீடுகள் எழும்பின, பிள்ளைகள் பல்கலைக்கழகம் போனார்கள். அந்தச் செழிப்பை யாரும் குறைசொல்ல முடியாது. வறுமையிலிருந்து ஒரு தலைமுறை வெளியேறிய வழி அது.

ஆனால் பயிர் உறிஞ்சிய மிச்ச உரம் எங்கே போனது? சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகளுக்குள் இறங்கிக் கிணற்றுக்கே திரும்பியது. அத்தோடு மலகூடக் குழிகளின் கழிவும் சேர்ந்தது.

1974இல் யாழ்ப்பாண வளாகம் தொடங்கியது. விஞ்ஞானக் கற்கைகளின் தொடக்க இடம் வட்டுக்கோட்டை; செமினரி இருந்த அதே மண். மருத்துவ பீடம் 1978இல் வந்தது. இவ்வாறாக ஆய்வு மீண்டும் நம் வட்டத்துக்குள் வந்து சேர்ந்தது. 1983இல் மகேஸ்வரன், மகாலிங்கம் என்ற இரு ஆய்வாளர்கள் குடாநாட்டின் தெரிந்தெடுத்த பகுதிகளில் கிணற்று நீரிலும் மண்ணிலும் உள்ள நைத்திரேற்று அளவு பற்றித் தேசிய விஞ்ஞானப் பேரவையின் சஞ்சிகையில் எழுதினார்கள். 1988இல் நாகராஜாவும் அவரோடு சேர்ந்த விவசாய ஆய்வாளர்களும் யாழ்ப்பாண, கிளிநொச்சிக் கிணறுகளை ஆராய்ந்து, நைத்திரேற்று மாசு பற்றி விரிவாக எழுதினார்கள். தோட்டக் கிணறுகளில் அளவு கூடியிருக்கிறது, உரப் பாவனையைக் குறைக்க வேண்டும் என்பது இவ்வகை ஆய்வுகள் திரும்பத் திரும்பச் சொன்ன செய்தி.

நைத்திரேற்று ஏன் கவலைக்குரியது? உலக சுகாதார நிறுவனம் குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராம் வரை அனுமதிக்கிறது. அதற்கு மேற்போனால் முதலில் ஆபத்துக்குள்ளாவது ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தை, அதிலும் அந்த நீரில் பால்மா கரைத்துக் கொடுக்கப்படும் குழந்தை. இரத்தம் உயிர்வாயுவைச் சுமக்கும் திறனை இழக்க, குழந்தையின் உடல் நீலம் பாரிக்கும். 1945இல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்துப் பண்ணைக் கிணறுகளை வைத்து ஹன்ரர் கொம்லி என்ற மருத்துவர் முதன்முதல் எழுதிய நோய் இது. களனிகளுக்கு நடுவே கிணறு வைத்திருந்த அயோவாக் குடியானவரின் நிலையும் நம் வலிகாமத்துக் கமக்காரரின் நிலையும் ஒன்றே. யாழ்ப்பாணத்தில் களப்புற்றுநோய்க்கும் நைத்திரேற்றுக்கும் தொடர்புண்டா என்று எண்பதுகளில் ஆய்வாளர் சிலர் கேள்வி எழுப்பினர். வெற்றிலை, புகையிலைப் பழக்கமும் இங்கே மிகுதியாகையால் நீரை மட்டும் குற்றவாளியாக்க முடியாது. கேள்வி கேள்வியாகவே இருக்கிறது.

2002ஆம் ஆண்டின் போர்நிறுத்தத்துக்குப் பின் பத்திரிகைக்காக இவ்விடயம் எழுதச் சண்டிலிப்பாய்ப் பக்கத்துக் கமக்காரர் ஒருவரோடு அவருடைய கிணற்றுக் கட்டில் இருந்து கதைத்தேன். நான் சொல்லியதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, வாளியை விட்டு அள்ளி என் முன்னே வைத்தார். "தம்பி, கண்ணாடி மாதிரிக் கிடக்கு. குடிச்சுப் பாருங்கோ, இனிக்கும். இதுக்குள்ளை நஞ்சு கிடக்கெண்டு சொல்லுறியள். ஆர் கண்டது?" என்று கேட்டார். அவர் கேட்டது நியாயமான கேள்வி. நைத்திரேற்றுக்கு நிறமில்லை, மணமில்லை, நாவுக்குப் பிடிபடும் சுவையும் இல்லை. கொதிக்க வைத்தால் குறையாது. நீர் வற்ற வற்றச் செறிவு கூடும். வாந்திபேதிக் காலத்திலிருந்து "சுட்டாறின தண்ணி குடியுங்கோ" என்று நம் தாய்மார் காத்துவந்த நல்ல பழக்கம் இந்த ஒன்றுக்கு உதவாது. "ஆர் கண்டது?" என்ற கேள்விக்கு விடை பத்தொன்பது ஆண்டுகளுக்கு முன்னரே அச்சாகியிருந்தது. அது ஆங்கிலத்தில், ஒரு விஞ்ஞானச் சஞ்சிகையில் இருந்தது. அவர் கையில் இருந்தது உரப்பை.

போர் குறுக்கிட்டது

இந்த இடைவெளிக்கு ஆய்வாளரை மட்டும் பொறுப்பாக்குவது அநீதி. முதல் ஆய்வு வெளிவந்த 1983 எப்படிப்பட்ட ஆண்டு என்பதைத் தமிழ் வாசகருக்கு விளக்க வேண்டியதில்லை. 1990இல் பொருளாதாரத் தடை வந்தது. எரிபொருளும் உரமும் சவர்க்காரமும் கூடத் தடைப்பட்டியலில் இருந்தன. ஆய்வுகூடம் நடத்துவது எப்படி? 1995 யூலை 9ஆம் நாள், சண்டிலிப்பாய்க்குப் பக்கத்து ஊரான நவாலியில் இடம்பெயர்ந்தோர் தங்கியிருந்த சென் பீற்றர்ஸ் தேவாலயம் விமானக் குண்டுவீச்சுக்கு இலக்கானது. அதே ஆண்டு ஒக்டோபர் 30ஆம் நாள் வலிகாமம் முழுவதும் ஓரிரவில் வெறுமையானது. கிணறுகள் கிணறுகளாகவே இருந்தன, அள்ள ஆளில்லை. உயிரைக் காப்பதே பெரும்பாடாக இருந்த காலத்தில் லீற்றருக்கு எத்தனை மில்லிகிராம் என்று யார் கேட்டிருப்பார்கள்?

அத்தகைய காலத்திலும் ஒருவர் பாலம் போட்டார். மருத்துவ பீடத்தில் சமுதாய மருத்துவப் பேராசிரியராக இருந்த செ. சிவஞானசுந்தரம்தான் அவர். இலக்கிய வாசகர் அவரை 'நந்தி' என்று அறிவர். 'மலைக்கொழுந்து' நாவலை எழுதியவர். மாணவருக்கு ஆய்வு முறையியல் கற்பித்த அதே கை, கருவுற்ற பெண்களுக்கு ஓர் அண்ணன் எழுதும் கடித வடிவில் 'அருமைத் தங்கைக்கு' எழுதியது. பேராசிரியரின் தகைமைக்கு அது எவ்விதக் குறைவையும் உண்டாக்கவில்லை. 2005இல் மறைந்த நந்தியைக் கிறீனின் உண்மையான வாரிசு என்று சொல்ல எனக்குத் தயக்கமில்லை. வேறுபாடு ஒன்றுண்டு: கிறீன் தமிழைக் கற்றுக்கொண்டு எழுதினார், நந்திக்கு அது தாய்மொழி.

எண்ணெய் மிதந்தபோது

போர் முடிந்த பின் வந்த அனுபவம் வேறொரு பாடத்தைச் சொன்னது. 2013, 2014ஆம் ஆண்டுகளில் சுன்னாகத்தைச் சுற்றியுள்ள கிணறுகளில் எண்ணெய் மணத்தது. மேற்பரப்பில் படலம் மிதந்தது. நைத்திரேற்றைக் காணாத கண் எண்ணெயைக் கண்டது. மக்கள் வீதிக்கு வந்தார்கள். மருத்துவர்கள், மாணவர்கள், பத்திரிகைகள் எல்லோரும் பேசினார்கள். வழக்கு உயர் நீதிமன்றம் வரை சென்றது. அங்கே இயங்கிய தனியார் அனல் மின் நிலையத்தின் பொறுப்பை 2019 ஏப்ரலில் உறுதிசெய்த நீதிமன்றம், பாதிக்கப்பட்ட மக்களுக்கு 2 கோடி ரூபா இழப்பீடு வழங்கப் பணித்தது. இலங்கைச் சுற்றாடல் சட்ட வரலாற்றில் முக்கியமான தீர்ப்பு அது.

இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கிறேன். சுன்னாகத்தில் மக்கள் தாமே கண்டதால் எழுந்தார்கள். நைத்திரேற்று விடயத்தில் அவர்களுக்காக வேறு யாரோ கண்டார்கள். கண்டதைச் சொல்லவில்லை, அல்லது சொன்ன மொழி புரியவில்லை. எண்ணெய்க்கு ஓர் எதிராளி இருந்தார், வழக்குப் போட முடிந்தது. உரத்துக்கும் மலக்குழிக்கும் எதிராளி நாமே. அறிவு வீட்டு வாசலுக்கு வராவிட்டால் இந்த வழக்கை நடத்த யாருமில்லை.

அரசாங்கம் வேறு வழி தேடியது. இரணைமடுவிலிருந்து நீர் கொண்டுவரும் திட்டத்தைக் கிளிநொச்சி விவசாயிகள் ஏற்கவில்லை. அவர்கள் வயலும் வயிறும் அந்தக் குளத்தில்தான். ஈற்றில் தாளையடியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் கட்டி 2024 ஓகஸ்டில் திறந்து வைத்தார்கள். நாளொன்றுக்கு 24,000 கனமீற்றர் நீரைத் தரக்கூடியது. வரவேற்க வேண்டியதே. எனினும் குழாய் நீர் வந்துவிட்டது என்று கிணற்றைக் கைவிட்டால், குப்பை கொட்டும் குழியாக அது மாற அதிக நாள் செல்லாது. வழுக்கையாற்றில் இன்று மிதந்து வரும் பிளாஸ்டிக் போத்தல்களைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். அந்தக் குழியின் அடியில் இருப்பது ஊர் முழுவதற்கும் பொதுவான ஒரே வில்லை.

டாக்காரும் கமிரித்துவும்

இனி ஆபிரிக்காவுக்கு வருகிறேன். செனகலின் தலைநகர் டாக்காரின் புறநகரான பிக்கினில், நகரத்துக்கு நீர் தந்த தியாரொய் நிலத்தடி நீர்ப்படை, வீட்டுக் கழிவுக் குழிகளால் நைத்திரேற்று ஏறிக் கெட்டது. எடுப்பதைக் குறைத்தவுடன் நீர்மட்டம் உயர்ந்து, தாழ்நிலத்து ஏழைகளின் வீடுகளை மாரியில் மூழ்கடித்தது. பெயர்களை மாற்றினால் பாதிக் கதை எங்களுடையது. அங்கும் ஆய்வுகள் நிறைய உண்டு. எழுதப்பட்டவை பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும். அம்மக்கள் பேசுவது பெரும்பாலும் வொலோவ்.

இந்தச் சிக்கலை ஆபிரிக்கர் உணராமலில்லை. கென்யாவின் கமிரித்துக் கிராமத்தில் ஊர்க் கல்வி, பண்பாட்டு நிலையம் ஒன்று இயங்கியது. ஆங்கிலத்தில் புகழ்பெற்றிருந்த கூகி வா தியாங்கோ அங்கே 1977இல் ஊர்மக்களோடு சேர்ந்து கிக்குயு மொழியில் நாடகம் போட்டார். ஆங்கிலத்தில் எழுதியவரை விட்டுவைத்த அரசு, கிக்குயுவில் எழுதியவரைச் சிறையில் அடைத்தது. மக்களின் மொழியில் சொல்லப்படும் உண்மைக்கு எவ்வளவு வலு உண்டு என்பதை அதிகாரம் நன்றாகவே அறிந்திருக்கிறது. 2025இல் மறைந்த கூகியை நாம் இலக்கியத்தோடு மட்டும் சேர்த்து வைத்திருக்கிறோம். மருத்துவ பீடத்துக்கும் விவசாய பீடத்துக்கும் அவர் சொன்னது பொருந்தும்.

என்ன செய்யலாம்?

இலவசக் கல்வியின் பயனாக நம் பிள்ளைகள் உயர்தர வகுப்பு வரை இரசாயனத்தைத் தமிழில் கற்கிறார்கள். நைத்திரேற்று என்ற சொல் அவர்களுடைய பாடநூலில் இருக்கிறது. பல்கலைக்கழக வாயிலில் அந்தத் தமிழ் நின்றுவிடுகிறது. கலைப் பட்டதாரியான நான் பட்டம் வரை தமிழிலேயே படித்தேன். விஞ்ஞானம் படித்த என் வயதுக்காரர்களுக்கு அது வாய்க்கவில்லை. உலகோடு பேச ஆங்கிலம் வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. உலகோடு பேசுபவர் ஊரோடும் இரண்டு பக்கம் பேசலாமே என்பதுதான் என் கேள்வி. ஒரு கிணற்றிலிருந்து மாதிரி எடுத்தால், அந்தக் கிணற்றுக்காரருக்குத் தமிழில் ஒரு தாளில் முடிவைக் கொடுப்பது ஆய்வு நெறியின் பகுதியாக வேண்டும். குழந்தையுள்ள வீடா, அப்படியாயின் எந்த நீரில் பால்மா கரைப்பது, உரத்தை எப்போது எவ்வளவு போடுவது, மலக்குழிக்கும் கிணற்றுக்கும் எத்தனை தூரம் என்ற நான்கு செய்திகள் அதில் இருந்தால் போதும்.

பாடசாலைகளுக்கும் இதில் பங்குண்டு. நீரில் தோய்த்து நிறமாற்றத்தைப் பார்க்கும் சோதனைத் தாள்கள் இப்போது உண்டு. சண்டிலிப்பாயிலும் சுற்றுப்புறத்திலும் உள்ள பாடசாலைகளின் மாணவர்கள் மாரிக்கு முன்னும் பின்னும் தத்தம் வீட்டுக் கிணற்றைச் சோதித்து எழுதி வைத்தால், ஐந்தாண்டில் எந்தப் பல்கலைக்கழகத்திடமும் இல்லாத பதிவேடு ஒன்று ஊரிடம் இருக்கும். அந்தக் கமக்காரர் கேட்ட "ஆர் கண்டது?" என்ற கேள்விக்கு அவருடைய பேரப்பிள்ளை விடை சொல்லும்.

தொறொன்ரோவிலும் இலண்டனிலும் பாரிசிலும் இருந்து இதை வாசிக்கும் அன்பர்களுக்கு ஒரு சொல். ஊர்ச் சங்கங்கள் வழியாக நீங்கள் அனுப்பும் பணத்தில் கோபுரங்கள் உயர்ந்திருக்கின்றன, பாடசாலை மண்டபங்கள் எழுந்திருக்கின்றன. அடுத்த கூட்டத்தில் ஒரு விடயத்தையும் நிகழ்ச்சி நிரலில் சேருங்கள்: எங்கள் ஊரின் எத்தனை கிணறுகள் கடந்த ஆண்டு சோதிக்கப்பட்டன, அந்த முடிவு எந்த மொழியில் எழுதப்பட்டது, அது யார் கையில் இருக்கிறது?